செவலையின் காது

மார்கழி பாதி கடந்திருந்தது. விடிகாலை ஐந்தரை இருக்கும். வாசலில் சாணி தெளித்துவிட்டு, கோலப்பொடி டப்பாவை எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் எங்கள் நாய் செவலை வந்து திண்ணைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். நல்ல பனி. தெருவிளக்கு மங்கலாக எரிந்தது. "ராத்திரி முழுக்க எங்கடா சுத்துனே" என்று கேட்டுக்கொண்டே குனிந்தேன். தலையை ஒரு உதறு உதறினான். என் முகத்திலும் கழுத்திலும் வெதுவெதுப்பாக என்னவோ தெறித்தது. பனித்தண்ணீர் என்றுதான் நினைத்தேன். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கை முழுக்கச் சிவப்பு.

அதற்குள் இன்னும் இரண்டு தடவை உதறிவிட்டான். பொங்கல் நெருக்கத்தில் ஆள் கிடைக்காது என்று அந்த வாரம்தான் முன்கூட்டியே சுவருக்கு வெள்ளை அடித்திருந்தோம். தரையிலிருந்து என் தோள் உயரம் வரைக்கும் சிவப்புப் புள்ளி. கதவில், நிலைப்படியில், தண்ணீர்க் குடத்தில், எல்லாவற்றிலும். சத்தம் கேட்டு வெளியே வந்த என் மாமியார் சுவரைப் பார்த்ததும் "அய்யோ, புள்ளய யாரோ வெட்டிப்புட்டானுவளே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

யாரும் வெட்டவில்லை. வலது காது மடலின் ஓரம் ஒரு விரற்கடை அளவுக்குக் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். மார்கழி நாய்கள் ராத்திரியில் போடும் சண்டை எல்லோருக்கும் தெரிந்தது. அதில் எதுவோ ஒன்று இவன் காதைக் கவ்வி இழுத்திருக்கிறது.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், பாமணியாற்றங்கரை ஊர் எங்களுடையது. நான் தையல்காரி. ரவிக்கை, பள்ளிக்கூட யூனிபார்ம், பாவாடைக்கு ஓரம் அடிப்பது என்று 18 வருடமாக இதே திண்ணையில்தான் மெஷின். செவலைக்கு ஆறு வயது. கோதுமை நிறத்தில், பாதி நிமிர்ந்து நுனி மடிந்த காதுள்ள நாட்டு நாய். நெல் எடை போடும் தராசில் ஒரு தடவை நிறுத்தியபோது 17 கிலோ இருந்தான். அன்றைக்கு நான் செய்தது என்ன, அதற்கு முன்னால் ஒரு தடவை செய்யக் கூடாததைச் செய்து என்ன ஆனது என்று இரண்டையும் எழுதி வைக்கவே இந்தப் பதிவு. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு நாய் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருவர் காதில் ரத்தத்தோடு நாயை இழுத்துக்கொண்டு என் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள்.

நாய்க் காது ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காது மடல் என்பது லைனிங் வைத்துத் தைத்த துணி மாதிரி. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் குருத்தெலும்பு. சதை கிடையாது. ரத்தக்குழாய்களோ நிறைய. மெல்லிய தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. தொடையில் வெட்டுப்பட்டால் சுற்றியுள்ள சதையே கொஞ்சம் அழுத்திக் கொடுக்கும். காதில் அப்படி அழுத்த ஒன்றுமில்லை. அதோடு, வலியும் ஈரமும் சேர்ந்து உறுத்துவதால் நாய் தலையைச் சிலுப்புகிறது. உறையத் தொடங்கிய ரத்தம் ஒவ்வொரு சிலுப்பலுக்கும் பிய்ந்து போகிறது, மறுபடி முதலிலிருந்து ஒழுகுகிறது. நாள் முழுக்க ரத்தம் நிற்கவில்லை என்பார்கள். பெரும்பாலும் காயம் பெரிதென்பதால் அல்ல, காது ஒரு இடத்தில் நிற்காததால்தான்.

சுவரைப் பார்த்து மலைத்துவிடக் கூடாது. நாயின் உடம்பில் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி வரை ரத்தம் இருக்கும். செவலை எடைக்கு ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுவரில் தெறித்ததையெல்லாம் வழித்து எடுத்தால் அரைத் தம்ளர் வராது. இதை அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கே புரிந்தது. அந்த நேரத்தில் எனக்கும் கை நடுங்கத்தான் செய்தது.

மாமியார் எழுந்து போய்க் காபித்தூள் டப்பாவோடு வந்தார். "ஒரு கை அள்ளி அப்பும்மா, பட்டுனு நிக்கும்." எங்கள் ஊரில் எல்லா ரத்தத்துக்கும் அதுதான் வைத்தியம். காபித்தூள், இல்லையென்றால் மஞ்சள், இல்லையென்றால் வெற்றிலைச் சுண்ணாம்பு. நான் டப்பாவை வாங்கிப் பின்னால் வைத்துவிட்டேன். "வேணாம் அத்தை. வெள்ளச்சிக்கு வச்சது போதும்."

வெள்ளச்சி செவலையின் தாய். நாலு வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் காதில்தான் கடி. அன்றைக்கு நான்தான் என் கையால் காபித்தூளை அப்பினேன். ரத்தம் நின்றது. கறுப்பாக, பொருக்குத் தட்டி, பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆறிவிட்டது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் உட்கார முடியாத வாடை. நாலாம் நாள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடந்தாள். பொருக்கை ஈரத்துணியால் நனைத்து எடுத்தேன். அடியில் அரிசி அரிசியாகப் புழு நெளிந்தது. காயத்தில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் அப்பிய தூள் காயத்தை மூடவில்லை, அழுக்கையும் சீழையும் உள்ளே வைத்து மூடியிருக்கிறது. டாக்டர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். காதில் பாதி போனது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிரோடு இருந்தாள். ஆனால் அந்தப் பக்கம் யார் கை நீட்டினாலும் ஒதுங்கிக்கொள்வாள், என் கை உட்பட. அந்த ஒதுங்கலை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் செவலை காதில் நான் எதையும் போடவில்லை. துணி மட்டும்தான். என் வீட்டுக்காரரின் பழைய வேட்டி, துவைத்து மடித்து வைத்தது, மெஷின் இழுப்பறையில் எப்போதும் இருக்கும். நல்ல பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி ரத்தத்தை உறிஞ்சாது, வழுக்கும். பஞ்சை நேராகக் காயத்தில் வைக்கக் கூடாது, இழை ஒட்டிக்கொள்ளும். வேட்டியை இரண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவுக்கு நாலாக மடித்து, ஒன்றைக் காதின் வெளிப்பக்கம், இன்னொன்றை உள்பக்கம் வைத்து, இரண்டு கைக்கும் நடுவில் காதை வைத்து அழுத்தினேன். கும்பிடுகிற மாதிரி. நசுக்க வேண்டியதில்லை, நழுவாத அளவுக்கு அழுத்தம் போதும்.

அதற்கு முன்னால் வாய்க்கட்டு. இதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை, செவலை ஒரு நாளும் என்னைக் கடித்ததில்லை. ஆனால் வலியில் இருக்கிற நாய்க்கு ஆள் தெரியாது. வேட்டிக் கரையை ஒரு கஜம் நீளத்துக்குக் கிழித்து, மூக்குத்தண்டின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு குறுக்கு, பிறகு பிடரிக்குப் பின்னால் அவிழ்க்க லேசான முடிச்சு. காயம்பட்ட காதின் அடியில் அந்தத் துணி உரசாதபடி கழுத்தோடு தாழ்த்திக் கட்டினேன். நாய் மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுக்கிற மாதிரி இருந்தாலோ வாயைக் கட்டவே கூடாது. கட்டினாலும் வேலை முடிந்த நிமிடமே அவிழ்த்துவிட வேண்டும். நாய் வாய் வழியாகத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

அழுத்தியதை நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "நின்னுடுச்சா" என்று துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள், தூக்கும்போது உறைந்தது துணியோடு வந்துவிடும். குறைந்தது பத்து நிமிடம். நனைந்து மேலே வந்தால் அந்தத் துணியை எடுக்காமல், அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பாட்டு முடிகிற வரை கையை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். மாமியார் எதிரில் உட்கார்ந்து செவலையின் தாடையைத் தாங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லடா ராசா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரலுக்குத்தான் அவன் அடங்கினான் என்று நினைக்கிறேன். பதற்றம் கூடக் கூட ரத்தமும் வேகமாக வரும். தெருவில் கூட்டம் சேர்த்துக் கத்தாமல், ஒரு ஆள் மட்டும் பேசிக்கொண்டிருப்பது நல்லது.

இரண்டாவது பாட்டு முடிந்து துணியின் ஓரத்தைப் பார்த்தேன். புதிதாக நனையவில்லை. அடுத்தது கட்டு.

இதில் மட்டும் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது என்று பெருமையாகவே சொல்வேன். காதைத் தொங்கவிட்டுக் காயத்தை மட்டும் சுற்றினால் அந்தக் கட்டு ஒரு சிலுப்பலில் பறந்துவிடும். காதை அப்படியே மேலே மடித்து, உச்சந்தலையோடு ஒட்டி, தலையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். முதலில் தலைமேல் ஒரு மடித்த துணி, அதன் மேல் காது, காதின் மேல் இன்னொரு துணி. பிறகு நாலு விரல் அகலத்துக்குக் கிழித்த வேட்டி நாடாவால் தாடைக்கு அடியில் கொடுத்துச் சுற்று. நல்ல காதுக்கு முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் கட்டு முன்னேயும் நழுவாது, பின்னேயும் நழுவாது. நல்ல காது வெளியே இருக்கும். இதற்கு மேல் பழைய பனியனின் கையை வெட்டி, குழாய் மாதிரி தலை வழியாக மாட்டினேன். முகம் வெளியே, கழுத்து வரைக்கும் உறை. பனியன் துணி இழுத்தால் வரும், விட்டால் இறுகும், அதனால் நாடா அவிழாது. 17 கிலோ நாய்க்கு ஆள் பனியனின் கை சரியாக இருந்தது. சின்ன நாய்க்குக் காலுறையின் விரல் பக்கத்தை வெட்டிவிட்டு மாட்டலாம்.

தாடைக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள், சோம்பல் வேண்டாம். கட்டிய பிறகு முகம் வீங்குகிறதா, மூச்சு சத்தமாக வருகிறதா, நாக்கு நீலம் பாய்கிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். கட்டிய நாயைத் தனியே விட்டுவிட்டு வயலுக்குப் போகக் கூடாது.

இன்னொன்று. கட்டின் மேல், உள்ளே காது எந்த வாக்கில் மடிந்து கிடக்கிறதோ அந்த இடத்தில், துணி வெட்டக் குறி போடும் சாக்கட்டியால் காதின் வடிவத்தையே வரைந்துவிட்டேன். கட்டை அவிழ்க்கிறவர் கத்திரியைக் காதின் மேல் ஓட்டிவிடக் கூடாதே. துணியோடு சேர்த்து விரலை வெட்டிக்கொண்டவள் நான், அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

மருந்துக்கடைக்கு ஓடி வலி மாத்திரை வாங்கி வந்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கடையில், நாய்க்கு என்று சொல்லியும் ஆளுக்குப் போடும் மாத்திரையில் பாதியை எடுத்துக் கொடுத்தார்கள், என் தங்கை வாங்கி வந்தாள். நல்லவேளை, கொடுக்கும் முன்னால் என்னைக் கேட்டாள். ஐபுபுரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். ஆஸ்பிரின் ரத்தத்தை உறைய விடாது, ரத்தம் ஒழுகுகிற நாய்க்கு அதைவிடக் கெட்டது வேறில்லை.

டிவிஎஸ் எக்ஸெல்லில் கிளம்பினோம். வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்னால் செவலையைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. கால்நடை மருந்தகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும், ஏழரைக்கே போய் வாசலில் உட்கார்ந்துவிட்டோம். கன்றுக்குட்டியோடு இரண்டு பேர், வாத்துக்காரர் ஒருவர். காத்திருந்த நேரத்தில் நான் அடிக்கடி செவலையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகி, காலும் சில்லிட்டால், அப்போது வரிசையில் உட்கார்ந்திருக்கக் கூடாது, உள்ளே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சின்ன வயது டாக்டரம்மா. மேசையில் ஏற்றியதும் முதலில் கேட்டது, "அக்கா, கட்டு யாரு போட்டது?"

"நான்தாங்க டாக்டர்."

"மேல வரைஞ்சிருக்கிறது காதுதானே?"

"ஆமாங்க. கத்திரி பட்டுடக் கூடாதுன்னு."

சிரித்துவிட்டு என் கோட்டை ஒட்டியே வெட்டி எடுத்தார். உப்புத் தண்ணீர் பாட்டிலால் நிறைய நேரம் கழுவினார். கிழிசல் இரண்டு தோலையும் குருத்தெலும்பையும் தாண்டிப் போயிருந்ததால் தையல் வேண்டும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, மயக்கமும் கொஞ்சம் கொடுத்து, மேலே ஐந்து, கீழே நாலு தையல். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓரத்தை ஓரத்தோடு சரியாகப் பொருத்தி, இழுக்காமல், சுருங்காமல் தைத்தார். காதின் மேல்தோல் வழுக்கிக்கொண்டே போகும், சாட்டின் துணி மாதிரி. அதை அவர் கையாண்ட பக்குவத்தை வீட்டுக்கு வந்தும் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். காயம் பட்ட சில மணி நேரத்துக்குள் வந்ததால்தான் இவ்வளவு சுலபமாகத் தைக்க முடிந்தது, மறுநாள் வந்திருந்தால் ஓரமெல்லாம் காய்ந்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

அவர்தான் என் கையையும் பார்த்தார். இடது ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய புண் இரண்டு இருந்தது. தையல்காரி கையில் அது இல்லாத நாள் ஏது. "வெறுங்கையாவா பிடிச்சீங்க?" என்றார். வெறிநோய் ரத்தத்தால் பரவாது, எச்சிலால் பரவும். ஆனால் செவலையின் காதில் இருந்தது ரத்தம் மட்டும் இல்லை, அவனைக் கடித்த ஏதோ ஒரு நாயின் எச்சிலும் அதில்தான் இருக்கும். எந்த நாய் என்று யாருக்கும் தெரியாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கையைக் கழுவச் சொன்னார். அங்கேயே குழாயடியில் நின்று கழுவினேன். அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் விவரம் சொல்லி வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நாலு நாள். காசு கிடையாது. செவலைக்கு வருடா வருடம் போட்டிருந்தும், கடிபட்டதால் மறுபடி போட்டார்கள். இப்போதெல்லாம் துணி இழுப்பறையில் நாலு ஜோடி ரப்பர் கையுறையும் வைத்திருக்கிறேன். அதுவும் கிடைக்காத நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும்.

இவ்வளவும் காது மடலில் காயம் பட்டால்தான். காதுக்கு உள்ளேயிருந்து, துவாரத்திலிருந்து ரத்தம் வந்தால் கணக்கே வேறு. வண்டியில் அடிபட்டு மண்டைக்குள் சேதமாகியிருக்கலாம், உள்ளே புல்லின் முள் ஏறியிருக்கலாம், நாள்பட்ட சீழ் உடைந்திருக்கலாம். அங்கே பஞ்சை அடைக்கவும் கூடாது, எண்ணெய் விடவும் கூடாது, குச்சியை விட்டுத் துடைக்கவும் கூடாது. வெளியே வருவதைத் துடைத்துவிட்டு நேராக டாக்டரிடம்.

ரத்தமே வெளியில் வராமல் காது மட்டும் பணியாரம் மாதிரி உப்பிக்கொள்வதும் உண்டு. கும்பகோணத்தில் என் நாத்தனார் வீட்டு லேப்ரடாருக்கு அப்படித்தான் வந்தது. காதில் பூச்சி, அரிப்பு, இடைவிடாமல் சிலுப்பி உள்ளே குழாய் உடைந்து இரண்டு தோலுக்கும் நடுவில் ரத்தம் கட்டிக்கொண்டது. ஊசியால் குத்தி எடுத்துவிடலாமா என்று போனில் கேட்டாள். குத்தவே கூடாது. குத்தினால் மறுபடி நிறையும், சீழும் பிடிக்கும். டாக்டர் திறந்து வடித்து, மறுபடி நிறையாதபடி தையல் போட்டார். அரிப்புக்கும் சேர்த்து மருந்து கொடுத்ததால்தான் அடங்கியது.

எதிர் வீட்டு அண்ணனின் நாய்க்கு நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டெல்டாவில் நாய் வைத்திருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டு வருடம் முன்பு, சம்பா பால் பிடிக்கிற சமயம். வயலில் எலி அள்ளிக்கொண்டு போனது. வரப்பு ஓரமெல்லாம் குலை குலையாக வெட்டிப் போட்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். கருவை முள் கிழித்த கீறல், காதின் விளிம்பில், நகக்கண் அளவுக்குத்தான். "காலையிலேருந்து சொட்டிக்கிட்டே இருக்கும்மா" என்றார். அழுத்தினேன். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. துணி மேல் துணியாக நனைந்தது. பீறிட்டு வரவில்லை, தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருந்தது. உறைகிற அறிகுறியே இல்லை. உதட்டைத் தூக்கினால் ஈறில் சிவப்புப் புள்ளி. வயிற்றுத் தோலில் அடிபடாமலேயே கன்றிப்போன நீலத் திட்டு. சின்னக் காயத்துக்கு இவ்வளவா என்று எனக்கு அடிவயிறு கலங்கியது.

டாக்டர் பார்த்த உடனே கேட்டார்: "வயல்ல எலிக்கு மருந்து வச்சீங்களா?" வைத்திருந்தார். மூன்று நாள் முன்னால், வரப்பில் வளை வளையாகக் கேக் துண்டு. புரோமடியோலோன் என்ற மருந்து. அது உடனே கொல்லாது. ரத்தம் உறைவதற்கான சத்துகளை ஈரல் தயாரிப்பதற்கு வைட்டமின் கே வேண்டும், அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த விடாமல் இந்த மருந்து தடுத்துவிடும். உடம்பில் ஏற்கெனவே இருந்த கையிருப்பு தீர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை நாய் நன்றாக ஓடியாடும், தின்னும். பிறகு எங்கே சின்னக் கீறல் இருந்தாலும் அங்கே ஒழுகும், உள்ளேயும் ஒழுகும். வைட்டமின் கே1 ஊசி போட்டு, ஒரு மாதம் மாத்திரை கொடுத்து, அந்த நாய் பிழைத்தது. அன்றைக்கு ராத்திரியே கொண்டுபோகாமல் விடியட்டும் என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அதே மாதிரி உண்ணிக் காய்ச்சல். நாய்க்கு உண்ணி மொய்த்து, சோர்ந்து, சாப்பிடாமல் இருந்து, பிறகு மூக்கிலோ காதிலோ ரத்தம் கசிந்தால் உண்ணி வழியாக வந்த கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்திருக்கும். கண்ணாடி விரியன் தீண்டினாலும் ரத்தம் உறையாது, ஆனால் அதில் வீக்கமும் வலியும் வேகமாக வரும். ஆக, சரியாக அழுத்தியும் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காத ரத்தத்தைக் காதுக் காயம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

அந்த அண்ணன் அடுத்த போகத்திலிருந்து மருந்தை விட்டுவிட்டுக் கிட்டிக்கு மாறிவிட்டார். மூங்கிலை வில்லாக வளைத்து வைக்கிற தஞ்சாவூர்க் கிட்டி. சாயங்காலம் ஆள் வந்து வரப்பில் வரிசையாக ஊன்றிவிட்டு, விடியலில் எலியோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நாய் எது எலியைக் கவ்வினாலும் பயமில்லை.

செவலைக்கு வருகிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டை மாற்றினேன். கொதித்து ஆறிய தண்ணீரில், அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, மட்டமாக அளந்து கலந்து, பழைய துணியை அதில் நனைத்து ஒட்டிய இடத்தை ஊறவைத்துத்தான் எடுப்பேன், பிய்த்தெடுக்க மாட்டேன். பீட்டாடினை வெளிர்ந்த கட்டன் டீ நிறத்துக்கு நீர்க்க வைத்து ஒற்றுவேன். ஈ உட்காராமல் இருக்க டாக்டரம்மா கொடுத்த ஸ்ப்ரேயைக் கட்டைச் சுற்றிலும் அடிப்பேன். மார்கழி என்பதால் ஈ குறைவு, சித்திரை வைகாசியில் இதற்கே தனி காவல் வேண்டும். புழு வைத்துவிட்டால் வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தை ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அது தோல் வழியாகவே உள்ளே இறங்கும். வாயில் நுரை தள்ளி, கை கால் வெட்டி இழுத்து நாய் செத்துப்போகும், புழு சாவதற்கு முன்னாலேயே. வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வழியில்லாதவர்கள் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டு விவரம் சொல்லுங்கள், கால்நடை ஆம்புலன்சுக்கான எண் அது.

காலால் கட்டைப் பிராண்டிக்கொண்டே இருந்தான். அதற்குக் கழுத்தைச் சுற்றி ஒரு கூம்பு மாட்ட வேண்டும் என்றார்கள். கடையில் அவன் அளவுக்கு இல்லை. ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கும் கெட்டிக் கான்வாஸை வட்டமாக வெட்டி, ஓரத்தில் பழைய புடவைத் தலைப்பை மடித்துத் தைத்து, நாடா போட்டு நானே செய்தேன். மாம்பழக் கலர்ப் பட்டுக் கரை. மாமியார் அதைப் பார்த்துவிட்டு அவனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் பள்ளம் மட்டும் நின்றுவிட்டது, அரிவாள் மூக்கு அளவுக்கு. தொட்டால் ஒதுங்கவில்லை. அந்தக் காதைத்தான் என் முழங்காலில் தேய்த்துக்கொண்டு நிற்கிறான்.

டாக்டரம்மா அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, பட்டணத்தில் கருத்தடை செய்த தெருநாய்களுக்கு அடையாளமாகக் காது நுனியில் இப்படித்தான் வெட்டிவிடுவார்கள் என்றார். "இவனுக்கு அடையாளம் முன்னாடியே வந்துடுச்சு. மீதிய நாம செஞ்சுடுவோமா அக்கா? அடுத்த மார்கழிக்கு இவ்வளவு அலைய மாட்டான்." நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன், அவர் செவலையைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டோம். காயம் நன்றாக ஆறட்டும், தை பிறந்து அறுப்பு வேலை முடிந்ததும் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போக எழுதிக் கொடுத்திருக்கிறார். எக்ஸெல்லில் அவ்வளவு தூரம் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது, எதிர் வீட்டு அண்ணனின் குட்டியானை வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.